சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் போட்ட மதிப்பெண்

சென்ற தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, எங்கள் பகுதித் தேயிலை விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. எந்தக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள் அறிவில் கூடியவர்கள் என்று வெளிநாட்டில் ஆராய்ந்து கண்டுபிடித்துவிட்டார்களாம். ஆராய்ந்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒன்றும் இல்லை.

தேதி இல்லாத எதையும் நான் நம்புவதில்லை. ஊட்டியில் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்திலேயே தொடங்கிய பழக்கம் அது. கோத்தகிரியில் முதல் உறைபனி விழுந்த காலை, மண் சரிந்து மேட்டுப்பாளையம் பேருந்து நின்ற நாள், எங்கள் தேவாலயத்தில் மணி பழுதான ஞாயிறு எல்லாம் என் நோட்டில் நாள் கிழமையோடு இருக்கும். ஆட்சியாண்டு இல்லாத கல்வெட்டை அறிஞர்கள் எவ்வளவு எச்சரிக்கையாகக் கையாளுகிறார்கள் என்று வியந்து படித்தவன் நான். ஆனால் அந்தச் செய்தி என் கட்சியைப் புகழ்ந்தது. அதனால் தேதியைத் தேடவில்லை.

தேடாததோடு நிற்கவில்லை. அதை நம் ஊரிலேயே சரிபார்த்துவிடலாம் என்று ஒரு பட்டியலும் தொடங்கினேன். தெரிந்தவர்களின் பெயர், கட்சி, அறிவுக்குப் பத்துக்கு எத்தனை என்று மூன்று கட்டம். நான்காவது கட்டத்தில், வழக்கம்போல, மதிப்பெண் போட்ட தேதி. சிறிய ஊரில் யார் எந்தக் கட்சி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வேட்டிக் கரை, வாசல் கொடி, டீக்கடையில் எந்தப் பத்திரிகையை முதலில் எடுக்கிறார் என்பது போதும். இரண்டு பக்கம் நிரம்பியபோது முடிவு அந்தச் செய்தி சொன்னபடியே வந்திருந்தது. எனக்கு மகிழ்ச்சி.

முதலில் அதைக் காட்டியது எங்கள் ஃபேக்டரியின் டீ மேக்கரிடம். சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஃபேக்டரி அது. ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் நானும் அதில் பங்குதாரன். நிர்வாகக் குழுவுக்குச் செயலாளர். பச்சை இலையை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, டிரையரில் உலர்த்தித் தூளாக்கும் வேலை முழுவதும் டீ மேக்கர் பொறுப்பு. காரமடைப் பக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். அவர் எந்தக் கட்சி என்பது ஊரிலேயே யாருக்கும் தெரியாத ஒரே செய்தி. என் பட்டியலில் அவருக்குப் பத்துக்குப் பத்து. கட்சிக் கட்டத்தில் கேள்விக்குறி.

"நான் டிரையர் கட்சிங்க. சூடு எங்கிருக்குதோ அங்கதான்," என்று சிரித்தபடி நோட்டை வாங்கினார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். நடுவில் ஒரு பெயரில் விரல் நின்றது.

"ஏனுங்க, இந்தப் புள்ளைக்கு மூணா?"

அவர் காட்டியது வாட்டும் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணை. முப்பத்தைந்துக்கு மேல் வயது இருக்கும். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். தாயும் மகளும் பக்கத்து எஸ்டேட்டின் பழைய தொழிலாளர் லயத்து வீடு ஒன்றில் இருந்தார்கள். வாசலில் எனக்குப் பிடிக்காத கட்சியின் கொடி.

"மூணு கூட அதிகம்," என்றேன்.

"எப்பப் போட்டீங்க?"

தேதியைப் பார்த்தேன். அந்தக் கட்சி ஊர்வலம் மார்க்கெட் வழியாகப் போன நாள். முன்வரிசையில் கொடி பிடித்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனவர் அவர்தான். வீட்டுக்கு வந்த கையோடு மூன்று போட்டிருக்கிறேன்.

"அட, இதப் பாருங்க. ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டருக்கு ஆறுன்னு போட்டு அடிச்சு, எட்டுன்னு எழுதியிருக்குது. அது எப்பங்க?"

அதற்கும் தேதி இருந்தது. தலைமை ஆசிரியர் எங்கள் கட்சி மேடையில் ஏறிய மறுநாள்.

டீ மேக்கர் நோட்டை மூடிக் கொடுத்தார். "தப்பா நெனைக்காதீங்க. கட்சியப் பாத்துட்டு மார்க்குப் போட்டுட்டு, மார்க்கப் பாத்துட்டுக் கட்சியப் பத்திப் பேசறீங்க. நம்ம டேஸ்டிங் ரூம்ல இப்படிப் பண்ணுனா என்னை வெரட்டிடுவாங்க."

தேதி போடாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். என் கையெழுத்தே எனக்கு எதிர்ச்சாட்சி சொன்னது.

ருசி பார்க்கும் அறையில் அவர் கடைப்பிடிக்கும் முறையை இங்கே சொல்ல வேண்டும். வடக்கு ஜன்னலை ஒட்டி நீளமான மேசை. வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். எந்த நாள் தூள், எந்த ஃபேக்டரி என்று எழுதிய சீட்டை ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் கவிழ்த்து வைப்பார்கள். வைப்பவர் வெளியே போய்விட வேண்டும். டீ மேக்கர் கரண்டியால் எடுத்து உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பி, குற்றம் குறையை எழுதி முடித்த பிறகுதான் சீட்டைத் திருப்புவார்கள். தன் ஃபேக்டரி தூளைத் தானே "குடிக்கத் தகாது" என்று எழுதிவிட்டு, சீட்டைத் திருப்பியதும் மறுபேச்சில்லாமல் அந்தத் தூளை ஒதுக்கிவைத்த மனிதர் அவர். நான் எத்தனையோ நீதிமான்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். பக்கத்தில் இருந்து பார்த்தது அவர் ஒருவரைத்தான்.

அவர் ஓய்வு பெறும் சமயம் அது. அவருடைய உதவியாளர் டீ மேக்கர் ஆவார். உதவியாளர் இடம் காலியாகும். அதற்கு இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவர் பங்குதாரர் ஒருவரின் மகன். வேதியியல் பட்டதாரி, நன்றாகப் பேசுவார், எங்கள் கட்சிக் கூட்டங்களைத் தொகுத்து வழங்குபவர். இன்னொருவர் நான் மூன்று போட்ட பெண். எங்கள் ஃபேக்டரியில் அந்த இடத்தில் பெண் யாரும் இருந்ததில்லை.

"இந்தத் தடவையும் இல்லைன்னா திருப்பூர் போயிருவேன்னு சொல்லுதுங்க," என்றார் டீ மேக்கர். "அவங்கம்மா மலையை விட்டு எறங்க மாட்டேங்குது. கீழ சூட்டுல அதுக்கு மூச்சு முட்டுமுங்க. ஆத்தாளைத் தனியா விட்டுட்டு பனியன் கம்பெனிக்குப் போகோணும். இல்லைன்னா வாட்டற மாடியிலேயே கெடக்கோணும்."

குழுவில் ஐந்து பேர். தலைவர் பட்டதாரியின் பக்கம் சாய்ந்திருந்தார். "கொடி புடிச்சுட்டுத் திரியறவங்களை உள்ள விட்டா, ஃபேக்டரியே அந்தக் கட்சிக்குப் போயிருச்சும்பாங்க," என்பது அவர் வாதம். பட்டதாரியும் மேடையில் மைக் பிடிப்பவர்தான் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. டீ மேக்கர் மட்டும், "சீட்டைக் கவுத்து வெச்சுப் பாத்துரலாமுங்க," என்றார். மறுக்க எங்களிடம் காரணம் இல்லை.

அந்த வியாழக்கிழமை காலை மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்றது. தேர்வுக்கு முன்னால் டீ மேக்கர் குழுவினரை அழைத்து இரண்டு கிண்ணங்களை நீட்டினார். சீட்டுகள் இரண்டும் நிமிர்ந்தே இருந்தன. ஒன்றில் எங்கள் ஃபேக்டரி என்று எழுதியிருந்தது. மற்றதில் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து ஃபேக்டரி.

"சும்மா, நீங்களும் ருசி பாருங்க."

நான் இரண்டையும் உறிஞ்சினேன். எங்களுடையது நாக்கில் சுறுசுறுவென்று ஏறியது. மற்றது சப்பென்று இருந்தது. அப்படியே சொன்னேன். தலைவர் ஒரு படி மேலே போய், "அவங்க டிரையர் சரியில்லை. கருகல் வாசம் அடிக்குது," என்றார்.

"ரெண்டும் ஒரே கெட்டில்ல இருந்து ஊத்துனதுங்க," என்றார் டீ மேக்கர். "ரெண்டும் நம்முளுதுதான். பேரைக் கண்ணு படிச்சுட்டா நாக்குக் கெட்டுப் போகுதுங்க."

தலைவர் படுகு மொழியில் ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் கருகல் இல்லாத இடத்தில் கருகலை மூக்கால் உணர்ந்த ஒரு மனிதரைக் கண்ணெதிரே பார்த்தது எனக்குச் சிறிது அச்சமாகவே இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு ஆறு கிண்ணங்கள் வைக்கப்பட்டன. சீட்டுகள் கவிழ்ந்திருந்தன. இருவரும் தனித்தனியாக உள்ளே போய் ருசி பார்த்து, பெயர் இல்லாத தாளில் எழுதினார்கள். தாள்களுக்கு 'அ', 'ஆ' என்று மட்டும் அடையாளம். எது யாருடையது என்று அலுவலக எழுத்தர் ஒருவருக்கே தெரியும். மதிப்பெண் போடும் வேலையை டீ மேக்கர் என்னிடம் தள்ளினார்.

"எனக்குத் தேயிலை தெரியாதே."

"அது நான் சொல்லித் தாரேனுங்க. எதுல என்ன வெச்சேன்னு இந்தக் கவருக்குள்ள இருக்குது. ரோசனை எப்படிப் போயிருக்குதுன்னு நீங்க பாருங்க. அதுதானே உங்க பட்டியல்?"

'அ' தாள் இரண்டு பக்கம். அழகான கையெழுத்து. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் நிறம், மணம், திடம் என்று உபதலைப்பு. மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் உள்ள வேறுபாடு ஒரு முழுப் பத்தியில் விளக்கப்பட்டிருந்தது.

'ஆ' தாள் அரைப் பக்கம்கூட இல்லை. அதை அன்றே நகலெடுத்துக்கொண்டேன்:

"1 நல்லது. 2 டிரையரில் சூடு கூடிவிட்டது. 3, 5 இரண்டும் ஒரே தூள். 5ஐப் பின்னால் ஊற்றியிருக்கிறார்கள், அதனால் சாயம் இன்னும் இறங்கவில்லை. 4 தூளில் குற்றமில்லை, இலை வாடும்போது மழை. இரவு மழையாக இருக்க வேண்டும், காற்றாடியைக் கூட்டாமல் விட்டிருக்கிறார்கள். 6 எனக்குத் தெரியவில்லை."

உறையைப் பிரித்தோம். மூன்றும் ஐந்தும் ஒரே தூள். நான்கு, மழை இரவில் வாட்டியது. ஆறாவது, பல நாள் தூள்களின் மிச்சத்தைக் கூட்டிக் கலந்தது. "அதுல எனக்கே ஒண்ணும் சொல்ல வராதுங்க. தெரியலைங்கறதுதான் பதில்," என்றார் டீ மேக்கர். 'அ' தாளில் ஆறாவதற்கு நான்கு வரி இருந்தது.

அந்த "எனக்குத் தெரியவில்லை" என்ற இரண்டு சொல்லை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு வேலை கையில் வருமா போகுமா என்ற நிலையில், தேர்வுத் தாளில் அதை எழுத எவ்வளவு தெளிவு வேண்டும். பழைய ஆவணங்களைப் படிக்கிறவன் என்ற முறையில் அதன் அருமை எனக்குத் தெரியும். தேதி தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுதுகிறவரை நம்பி மற்றத் தேதிகளையும் எடுத்துக்கொள்ளலாம். 'ஆ'வுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன்.

"இப்பக் கட்சியைச் சொல்லுங்க பாக்கலாம்," என்றார் டீ மேக்கர்.

இதைப் படிப்பவர்கள் யூகித்திருப்பார்கள். நான் யூகிக்கவில்லை. பட்டியலின் குட்டு உடைந்த பிறகும், ஒரே கெட்டில் டீயில் தோற்ற பிறகும், இவ்வளவு ஒழுங்காக யோசிப்பவர் நம் ஆள்தான் என்று என் வாய் சொல்லிவிட்டது. எழுத்தர் வந்து 'ஆ' அந்தப் பெண்ணுடையது என்றார்.

டீ மேக்கர் என்னைக் கேலி செய்திருக்கலாம். செய்யவில்லை. "வீட்டுக்குப் போயி அந்தக் கட்சிக்கு மொத்தமாப் பத்துப் போட்டுறாதீங்க. அதுவும் இதே தப்புத்தானுங்க," என்று மட்டும் சொன்னார்.

குழுக் கூட்டம் அன்று மாலை. இரண்டு தாள்களையும் 'அ', 'ஆ' என்றே வாசித்துக் காட்டி, 'ஆ' எழுதிய பெண்ணுக்கே அந்த வேலை என்ற தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன். தலைவர் என்னையே பார்த்தார்.

"ஏனுங்க செயலாளரே, நீங்களா இதைச் சொல்றீங்க? நாளைக்கு உங்க கட்சிக்காரங்க மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?"

"காலையில கருகல் வாசம் அடிக்குதுன்னு சொன்னவங்க மூஞ்சியில முழிச்சுட்டுத்தானே உக்காந்திருக்கறேன்," என்றேன். மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. மூன்றுக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது.

பட்டதாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முடிவு தெரிந்ததும் அவர் நேரே வாட்டும் மாடிக்கு ஏறிப் போனார். ஏதாவது சண்டை வருமோ என்று பின்னாலேயே போனேன். "அக்கா, அந்த மூணும் அஞ்சும் எப்படிக் கண்டுபுடிச்சீங்க? எனக்குச் சொல்லித் தாங்க," என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இப்போது எங்கள் ஏல விற்பனைக்கான கணினி வேலையைப் பார்க்கிறார். அதில் அவரை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆளில்லை. அவரும் அறிவாளிதான். அன்று கேட்ட கேள்வி அவருக்கானதாக இல்லை, அவ்வளவே.

சில நாள் கழித்து அந்தப் பெண்ணிடம், மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"ஏம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு யோசிக்கறவங்க, ஏன் அந்தக் கட்சி?"

அவர் கோபப்படவில்லை. வாட்டும் தொட்டியில் இலையைக் கிளறிக்கொண்டே பேசினார்.

"எங்கம்மா கப்பல்ல வந்து எறங்கினப்ப இந்த ஊர்ல எங்களை யாருன்னே யாருக்கும் தெரியாதுங்க சார். ஆபீஸ்ல போய்க் காகிதம் கேட்டா நாளைக்கு வா, நாளைக்கு வான்னாங்க. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைக்குத் துணையா அந்தக் கட்சிக் கிளையில இருந்த ஒரு மனுஷன் தெனமும் வந்து லைன்ல நின்னாராம். தோட்டத்துல கூலியை விட்டுட்டு. காகிதம் கையில வர்ற வரைக்கும். அதனால அம்மா அந்தக் கட்சி. அம்மா சொன்னதுக்காக மட்டும் நான் இல்லீங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அவங்க செய்ற தப்பும் தெரியும். மீட்டிங்ல எழுந்து கேட்டிருக்கேன், ரெண்டு வாட்டி உக்காருன்னு அதட்டியிருக்காங்க. இருந்தாலும் அன்னைக்கு லைன்ல வந்து நின்னது அவங்கதானே." கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க ஏன் சார் அந்தக் கட்சி?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். கொள்கை, நிர்வாகம், பொருளாதாரம் என்று எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் வரிசையில் நின்றன. அவற்றுக்கு முன்னால் என் அப்பா நின்றார். எஸ்டேட் அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றுமுன் அந்தக் கட்சிப் பத்திரிகையைப் பிரிக்கும் அப்பா. சொற்கள் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

"எங்கப்பா அந்தக் கட்சிம்மா," என்றேன்.

"அப்போ சரி," என்று சொல்லிவிட்டு இலையைக் கிளறத் தொடங்கினார்.

புதிய பொறுப்பில் அவருடைய முதல் வாரத்தில், அவர் கட்சியின் கிளைச் செயலாளர் பிக்கப் வண்டி நிறைய இலை கொண்டுவந்தார். அவரும் எங்கள் பங்குதாரர். வரும் இலையைச் சோதித்து எடுப்பது உதவியாளரின் வேலை. அப்போது நான் அலுவலகத்தில் இருந்தேன். குரல் அங்கே வரை கேட்டது.

"அண்ணே, இதை எடுக்க முடியாது. பாதி முத்தல். காம்பு ஒடியவே மாட்டேங்குது, பாருங்க."

"ஏய், யார்கிட்டப் பேசறே? உன் கையில கொடியைக் குடுத்ததே நாந்தான்!"

"கொடியைத் திருப்பிக் கேளுங்கண்ணே, குடுத்துடறேன். இலையை எடுக்க முடியாது."

"தலைக்கு மேல ஏறிடுச்சு உனக்கு. அடுத்த ஊர்வலத்துக்கு வருவேல்ல, அங்க வெச்சுக்கறேன்."

"வருவேன். எப்பவும்போல முன்னாடிதான் நிப்பேன்."

வண்டி திரும்பிப் போனது. தலைவர் கணக்கு மேசையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அந்த வாரத்துக்குப் பிறகு, ஃபேக்டரி எந்தக் கட்சிக்குப் போயிற்று என்ற பேச்சை நான் எங்கும் கேட்கவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து என் இலை போனது. பறிக்க ஆள் கிடைக்காமல் சுற்று தள்ளிப் போயிருந்தது. கடைசியில் கிடைத்த இருவர் கத்தரி போட்டு, கொழுந்தும் முத்தலுமாக ஒரே வீச்சில் வெட்டிவிட்டார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன். ஒரு மூலையில், அவருக்காகத் தீர்மானத்தை முன்மொழிந்தவன் என்ற நினைப்பு இருந்திருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் என் மூட்டைகள் வாசலுக்கே திரும்பி வந்தன. கூடவே தொலைபேசி.

"சார், உங்க இலையைத் திருப்பி அனுப்பிட்டேங்க. கோச்சுக்காதீங்க. பிரிச்சு எடுத்துக் கொண்டாந்தா மூணு மணி வரைக்கும் பாப்பேன்."

நானும் மனைவியும் முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, கொழுந்தை ஒரு பக்கமும் முத்தலை ஒரு பக்கமுமாகப் பிரித்தோம். ஏழு மூட்டை மூன்றாகக் குறைந்தது. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் நானே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் நின்றேன். அவர் வணக்கம் சொன்னார், சிரித்தார், வீட்டில் அம்மா நலம் என்றார். பேசிக்கொண்டே முதல் மூட்டையின் வாயை அவிழ்த்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியில் கிடந்த இலையில் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதிலும்.

அதன் பிறகுதான், "எறக்குங்க," என்றார்.